எல்லையை நகர்த்தும் முன்

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, பெரியவர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு சிறிய நகர சபை தன் எல்லைக்கு வெளியே இருக்கும் குடியிருப்புகளைத் தன்னோடு சேர்ப்பதா வேண்டாமா என்று எப்படித் தீர்மானிக்கிறது? எப்படித் தீர்மானிக்க வேண்டும்? இன்று இதைத்தான் பேசப் போகிறேன். சட்டமும் வரியும் வரைபடமும் கலந்த விஷயம்தான். ஆனால் யார் வீட்டு வாசலில் குப்பை லொறி நிற்கும், யாருடைய பாதைக்குக் கொங்கிரீட் போடுவார்கள், நிறைமாதப் பெண்ணை ஏற்ற வரும் ஆட்டோ எந்த இடத்துக்கு மேல் ஏறாது என்பதெல்லாம் அந்த ஒரு எல்லைக் கோட்டைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இங்கிருந்து தெற்கே நடந்தால் தெஹிவளைக் கால்வாய் வரும். இந்தப் பக்கம் கொழும்பு மாநகர சபை, அந்தப் பக்கம் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. காலி வீதி அப்படியே போகிறது, கடைகளும் அப்படியே போகின்றன, நம் சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். வரி கட்டும் இடம் மட்டும் மாறுகிறது. கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கே வசித்தவர்கள் 5 லட்சத்து 61 ஆயிரம் பேர். ஆனால் நாம் பேச்சில் கொழும்பு என்று சொல்கிற நகரம் இந்த எல்லைக் கோட்டைத் தாண்டி எப்போதோ வெளியே போய்விட்டது.

நகரம் ஒரு இடத்திலும் கோடு இன்னொரு இடத்திலும் இருந்தால் என்ன ஆகும்? 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே குவிந்து கிடந்ததில் பெரும்பகுதி கொழும்பு நகரத்தின் குப்பை. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களோ கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் வாக்களிக்க முடியாதவர்கள். அவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள். ஆனால் தங்கள் தலைக்கு மேல் குப்பை கொட்டிய சபையில் ஒரு உறுப்பினரைக்கூட அவர்களால் தேர்தலில் தோற்கடிக்க முடியாது. எல்லைக்குள் இருந்திருந்தால் அந்த மலை வளர்ந்தே இருக்காது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. சபைக்குள் நின்று கேட்க ஒரு ஆளாவது இருந்திருப்பார்.

சரி, இனி சிறிய நகரங்களுக்கு வருவோம்.

இந்த விஷயத்தைப் பற்றி அதிகம் வாதாடியிருப்பவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கவுண்டி என்று பெரிய பிரிவுகள் இருக்கின்றன. கவுண்டிக்குள் சில ஊர்களுக்கு மட்டும் நகராட்சி இருக்கும். மற்ற இடங்களை கவுண்டியே நேரடியாகப் பார்த்துக்கொள்ளும், அங்கே மேயரும் இல்லை, நகர சபையும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தைப் பக்கத்து நகராட்சி சேர்த்துக்கொள்ளலாமா என்பதுதான் அங்கே வழக்கு. நம் நாட்டில் அப்படிச் சபை இல்லாத நிலம் சட்டப்படி கிடையாது. 2018 உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது 24 மாநகர சபைகள், 41 நகர சபைகள், கிராமப் பகுதிகளுக்கான 276 பிரதேச சபைகள் இருந்தன. நாட்டின் ஒவ்வொரு துண்டும் இவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் அடங்கும்.

வரைபடத்தில் அப்படித்தான். ஆனால் மலையகத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். 1930களின் கடைசியில் கிராமக் குழுக்களில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1948இல் குடியுரிமையே போனது. பல பத்தாண்டுகள் போராடி அது திரும்பி வந்த பிறகும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு குறுக்கே நின்றது. தோட்டப் பாதை தனியார் பாதை, சபையின் பணத்தை அதில் செலவழிக்க முடியாது என்று அந்தப் பிரிவைக் காட்டிச் சொன்னார்கள். வாக்குக் கேட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, வந்த உறுப்பினர், வென்ற பிறகு அதே லயத்துக்குப் பாதை போட முடியாது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருடம்! சபையின் எல்லைக்குள்ளேயே, சபை இல்லாத நிலமாக நம் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு நடப்பது, நமக்குக் கோட்டுக்குள்ளேயே நடந்தது. இதனால்தான் எல்லை மாற்றம் என்று யாராவது பேசினால் நான் முதலில் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. என்ன சேவை, எப்போது, எந்தப் பணத்தில் என்று எழுதியிருக்கிறார்களா என்றுதான் பார்க்கிறேன்.

ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை ஆகியவை நகர சபைகள். நடுவில் டவுன், சுற்றிலும் தோட்டங்கள். இப்படிப்பட்ட ஒரு சபை எல்லையை விரிக்க யோசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன?

சுற்றியிருக்கும் தோட்டப் பிரிவுகளை முழுவதுமாகச் சேர்க்கலாம். துணிச்சலான வழி, செலவும் கூடியது. இல்லாவிட்டால் பிரதான வீதியோரமாக இருக்கும் கடைகள், ஹோட்டல், பெற்றோல் நிரப்பு நிலையம் இவற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் லயங்களை வெளியே விட்டுவிடலாம். கறிச் சட்டியில் இறைச்சித் துண்டை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு குழம்பை மற்றவர்களுக்கு விடுவது மாதிரி இது. சபையின் கணக்காளருக்கு இது பிடிக்கும். ஆனால் பிரதேச சபையின் வருமானம் போய்விடும், லயத்து மக்களின் தேவை மட்டும் அதன் கையில் மிஞ்சும். இந்த வழியை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கோட்டை நகர்த்தாமலே இரண்டு சபைகளும் உடன்படிக்கை செய்துகொள்வது. நகர சபையின் குப்பை லொறி தோட்டப் பிரிவுக்கும் போகும், பிரதேச சபை அதற்குப் பணம் கொடுக்கும். தீயணைப்பு, மயானம், நூலகம் எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்யலாம். இதில் மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஆனால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம். ஒரு இரண்டு வருடம் இப்படி நடத்திப் பார்த்தால், சேர்த்தால் என்ன செலவு வரும் என்பது ஊகமாக இல்லாமல் உண்மைக் கணக்காகவே கையில் இருக்கும். என்னைக் கேட்டால் எந்தச் சிறிய சபையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போது கணக்கு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சபைக் கூட்டத்தில் வழக்கமாக வரும் பேச்சு இதுதான்: 'தோட்டத்தைச் சேர்த்தால் செலவுதான் வரும், வருமானம் வராது.' மேலோட்டமாகப் பார்த்தால் சரி போலத் தெரியும். டவுனில் கட்டடங்களுக்கு ஆதன வரி உண்டு, சோலைவரி என்றும் சொல்வோம். பிரதேச சபையில் கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று அறிவித்த இடங்களில்தான் அந்த வரி. பயிர்ச்செய்கை நிலத்துக்கு ஏக்கர் வரி. லயத்தில் குடியிருப்பவர் அந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரரே இல்லை. நிலம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது, 1990களில் நீண்டகாலக் குத்தகையில் கம்பனிகளிடம் போனது. அப்படியானால் சேர்த்த பிறகு வரிச் சீட்டு யார் பெயருக்குப் போகும்? கம்பனிக்கா, குடியிருப்பவருக்கா? காணி உறுதி கிடைத்த புதிய தனி வீடுகளின் கதி என்ன? இதற்குப் பதில் எழுதாமல் எல்லையை விரித்தால், சபை நோட்டீஸ் அனுப்பும், தொழிலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், கம்பனி கடிதம் எழுதிக்கொண்டே இருக்கும்.

ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் விட்டுப் போயிருக்கிறது. டவுன் கடைத்தெரு யாரை நம்பி நடக்கிறது? சம்பள நாளில் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர்களை நம்பித்தான். அரிசியும் துணியும் பள்ளிக்கூடக் கொப்பியும் தீபாவளிச் சாமானும் வாங்குகிறவர்கள் அவர்கள். அந்த வியாபாரம் இருப்பதால்தான் கடைக்காரர் அனுமதிப்பத்திரக் கட்டணம் கட்டுகிறார், சந்தைக் கடைக்கு வாடகை கிடைக்கிறது, கட்டடத்தின் பெறுமதி ஏறுகிறது, வரியும் ஏறுகிறது. அதாவது எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் இந்த நகர சபைக்கு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பதிலுக்கு அவர்களுக்குக் கிடைப்பது பஸ் நிலையத்தில் நிற்க ஒரு இடம். அவர்களைச் செலவு என்று மட்டும் எழுதும் எந்த மதிப்பீட்டு அறிக்கையையும் நம்பாதீர்கள்.

செலவுப் பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. பாதைக்குக் கொங்கிரீட் போட எங்கிருந்தாவது ஒரு ஒதுக்கீடு வந்துவிடும். அது ஒரு முறைச் செலவு, பெயர்ப்பலகையும் வைக்கலாம். வடிகான் துப்புரவு செய்கிறவரின் சம்பளமும், தெருவிளக்குக்கு பல்பும், லொறிக்கு டீசலும் வருடாவருடம் வேண்டும். சிறிய சபைகள் கால் இடறுவது இங்கேதான். திறப்பு விழா நாளைக் கணக்குப் பார்க்கிறார்கள், பத்தாவது வருடத்தைப் பார்ப்பதில்லை.

அப்புறம், வாக்கு. எல்லையை நகர்த்தினால் பெரும்பான்மை நகரும். இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் அமெரிக்காவிலிருந்து ஒரு வழக்கைச் சொல்கிறேன். வேர்ஜினியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரம் 1970இல் பக்கத்துக் கவுண்டியிலிருந்து ஒரு பெரிய பகுதியைச் சேர்த்துக்கொண்டது. அதில் இருந்த ஏறத்தாழ 47 ஆயிரம் பேரில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளையர்கள். நகரத்தில் 52 சதவீதமாக இருந்த கறுப்பின மக்கள் ஒரே இரவில் 42 சதவீதமானார்கள். வழக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. பல வருடங்கள் நகரத்தில் சபைத் தேர்தலே நடக்கவில்லை. கடைசியில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, ஆனால் தேர்தல் முறையை மாற்றி நகரத்தை 9 வட்டாரங்களாகப் பிரித்தார்கள். 1977இல் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள சபை முதல் முறையாக வந்தது. எல்லைக் கோட்டைப் பற்றி மட்டும் சண்டை போட்டுவிட்டு, உள்ளே வட்டாரங்களை எப்படி வெட்டுகிறார்கள் என்பதைப் பார்க்காமல் விட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

சேர்க்கப்படும் மக்களைக் கேட்க வேண்டுமா? டெக்சாஸ் மாநிலத்தில் நீண்ட காலம் கேட்க வேண்டியதில்லை. 1996இல் ஹூஸ்டன் நகரம் கிங்வுட் என்ற குடியிருப்பை மக்கள் எதிர்த்தும் சேர்த்துக்கொண்டது. அந்தக் கோபம் அடங்கவில்லை. 1999இல் முன்கூட்டியே திட்டம் போட்டுச் சேவைகளை எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது, 2019இல் மக்கள் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதே ஏறக்குறைய நின்றுபோனது. வாஷிங்டன் மாநிலத்தின் கேர்க்லண்ட் நகரம் வேறு வழியில் போனது. வடக்கே இருந்த பகுதிகளைச் சேர்க்க 2009இல் அந்தப் பகுதி மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. சேர்வதற்குப் பெரும்பான்மை கிடைத்தது. நகரத்தின் பழைய கடனிலும் பங்கு ஏற்பதற்கு 60 சதவீதம் வேண்டும், அது மயிரிழையில் தவறியது. கடனை அவர்கள் தலையில் கட்டாமலே 2011இல் நகரம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆரம்ப வருடங்களின் செலவைத் தாங்க, மாநில விற்பனை வரியில் ஒரு பங்கை வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுத்தது. மேலிருந்து பணம் கொடுக்காமல், 'நீங்களே சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு சிறிய சபையிடம் சொல்வது நியாயம் இல்லை. மத்தியில் இருப்பவர்கள் காதில் இது விழ வேண்டும்.

நம் நாட்டில் அப்படி வாக்கெடுப்புக் கட்டாயம் இல்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் உள்ளூராட்சி மாகாணத்துக்கு உரியது என்றாலும் சபைகளின் அமைப்பும் வடிவமும் நாடாளுமன்றச் சட்டத்தின் பிடியில்தான். அமைச்சர் கையெழுத்துப் போட்டால் வர்த்தமானி என்ற அரசாங்க அறிவித்தல் வரும், எல்லை மாறும். 2020 பெப்ரவரியில், கல்முனை மாநகர சபைக்குள் இருந்த சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அந்தக் கோரிக்கை சரியா பிழையா என்பதற்குள் நான் இன்று போகவில்லை. கல்முனைப் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் தங்களுக்குள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றை, கொழும்பிலிருந்து ஒரு தாளால் கொடுக்கவும் பறிக்கவும் முடிந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 லட்சம் பேருக்கு ஒரே சபையாக இருந்தன. வருடக்கணக்காகக் கேட்டபின் 2018 தேர்தலுக்கு முன் அவை பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் வந்தன. டவுன் விரிவதற்குப் பதிலாகத் தோட்டங்களுக்குத் தங்கள் சபையே கிடைத்தது. ஒரு பிறப்புச் சான்றிதழ் வேலைக்காகப் பிரதேச செயலகத்துக்கு அலைவது இதனால் குறையவில்லை, ஏனென்றால் செயலகம் வேறு, சபை வேறு. ஆனால் தவிசாளர் கதிரையில் தோட்டத்துப் பிள்ளை உட்காரும் வாய்ப்பு கூடியது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொழும்பில் இருக்கும் நமக்கு வர்த்தமானி சுலபமாகக் கைக்கு வரும், ஊரில் இருப்பவர்களுக்கு வராது. எல்லை மீள்நிர்ணயம் பற்றி அறிவிப்பு வந்தால் அதன் தமிழ்ப் பிரதியை எடுத்து, கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக வாசியுங்கள். வடக்கே ஆறு, கிழக்கே பாதை, தெற்கே இன்ன தோட்டத்தின் எல்லை என்று எழுதியிருப்பார்கள். ஊருக்கு ஃபோன் போட்டு, நம் லயம் அந்த ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். சிங்களப் பிரதியில் இருக்கும் தோட்டப் பிரிவு தமிழில் விடுபட்டிருந்தால் எழுத்தில் முறையிடுங்கள். ஆட்சேபனைக்குக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அந்தக் கடிதம் எழுத உதவி வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.