திரையில் ஓடும் எண்ணும் நுரையீரலும்

நேயர்களே, வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "டொக்டர், ஒட்சிசன் இப்ப எவ்வளவு காட்டுது?" என்றுதான். 90 என்றால் முகம் வாடிவிடும். "மெசினைக் கொஞ்சம் கூட்டி வைக்க ஏலாதா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். வைத்தியர்களும் பல காலம் அப்படித்தான் நினைத்தார்கள்.

நியூமோனியா, வயலில் இறங்குகிறவர்களுக்கு மூதூர், கந்தளாய்ப் பக்கம் வரும் எலிக்காய்ச்சல், 2017இல் கிண்ணியாவை ஆட்டிவைத்த டெங்கு, இவற்றில் எது முற்றினாலும் நுரையீரலின் காற்றறைகளுக்குள் நீர் கசிந்து நிரம்பலாம். அப்போது நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும் மெசின், அதாவது வென்டிலேட்டர், தேவைப்படும். ஆனால் நுரையீரல் முழுவதும் ஒரேயளவு பழுதாவதில்லை. நீர் கோத்த இடம் திறக்காது. மிஞ்சியிருக்கும் நல்ல பகுதி, ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுதான் இருக்கும். நாம் தள்ளும் காற்றையெல்லாம் அந்தச் சிறு பகுதியே வாங்கி, இழுபட்டுக் காயப்படும்.

2000இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் காற்று, மற்றப் பிரிவுக்கு 6. பெரிய மூச்சு பெற்றவர்களில் 39.8 வீதமானோர் இறந்தார்கள். சிறிய மூச்சு பெற்றவர்களில் 31 வீதமானோர். இதில் கவனிக்க வேண்டியது, முதல் சில நாட்களில் ஒட்சிசன் அளவு நன்றாக இருந்தது பெரிய மூச்சு பெற்றவர்களுக்குத்தான்!

இந்தக் கிலோ தராசு காட்டும் கிலோ அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. 152 சென்ரிமீற்றர் உயரமான அம்மா ஒருவர் 80 கிலோ இருந்தாலும் கணக்குக்கு ஏறத்தாழ 45 கிலோதான். ஒரு மூச்சுக்கு 270 மில்லிலீற்றர். உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லையே.

அப்புறம் வேறு வழிகளும் வந்தன. மிகச் சிறு மூச்சுகளை அதிவேகமாக அதிரவிடும் கருவியைப் பற்றி 2013இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் பயன் தெரியவில்லை. மற்றதில் இறப்புக் கூடியதால் இடையிலேயே நிறுத்தினார்கள். மூடிய காற்றறைகளைப் பேரழுத்தத்தால் திறக்கப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்விலும் இறப்புத்தான் கூடியது.

பெரிய பலன் தந்தது, விலையுயர்ந்த கருவி எதுவும் கேட்காத ஒரு வேலை: நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது. மல்லாந்து கிடக்கையில் இதயமும் நீர் கோத்த நுரையீரலும் முதுகுப்பக்கக் காற்றறைகளை நசுக்குகின்றன. புரட்டினால் அவை திறக்கும், காற்றும் பரவலாகப் போகும். பிரான்சில் பெரும்பாலும் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், நிலைமை கடுமையாக இருந்த 466 பேரில் பாதிப்பேரை ஒரு தடவைக்கு 16 மணித்தியாலமாவது இப்படிக் கிடத்தினார்கள். 28 நாட்களுக்குள் இறப்பு 32.8 வீதத்திலிருந்து 16 வீதமாகக் குறைந்தது. குப்புறப் படுத்து ஒட்சிசன் ஏறாதவர்களுக்கும் பலன் கிடைத்ததாகப் பின்னர் தெரிந்தது.

ஆனால் இது லேசான வேலை இல்லை. குழாய் கழன்றுவிடாமல் நான்கைந்து பேர் சேர்ந்து புரட்ட வேண்டும். இதில் தாதியருக்குத்தான் பாடு அதிகம்.

ஆகவே அப்பாவைப் பார்க்கப் போகும்போது அவர் குப்புறக் கிடந்தால், முகம் வீங்கியிருந்தால் பதறாதீர்கள். அந்த வீக்கம் வடிந்துவிடும். ஒட்சிசன் 88க்கும் 95க்கும் இடையில் நின்றால் பெரும்பாலும் அதைத்தான் நாங்களும் எதிர்பார்க்கிறோம். நுரையீரல் இழுபட்டுக் காயப்படாமல் இருக்கிறதா என்று அறிய இன்னொன்றையும் கேளுங்கள்: "நுரையீரலுக்குள் அழுத்தம் 30க்குக் கீழே இருக்குதா, டொக்டர்?"