புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்: பைக்கில் சார்ஜ் ஏறாத கோளாறு

[காட்சி: சென்டர் ஸ்டாண்டில் பைக். சீட்டும் பக்கவாட்டு கவரும் கழற்றியிருக்கின்றன.]

வணக்கம். செல்ஃப் பட்டனை அழுத்தினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி போச்சு என்று புதிது வாங்கி மாட்டுகிறோம். கொஞ்ச நாளில் அதுவும் படுத்துவிடுகிறது. பேட்டரி மேல் தப்பே இருக்காது, அதில் சார்ஜ் ஏறியிருக்காது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் பேட்டரிக்குக் காசு கொடுக்காதீர்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும்.

இந்த வண்டி மேலூர் பக்கம் பால் ஊற்றும் அண்ணன் ஒருவருடையது. விடிவதற்கு முன்பே லைட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். வாசலுக்கு வாசல் நிறுத்தி, திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பார். பேட்டரிக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது.

[காட்சி: மீட்டர் டிசி 20 ஓல்ட்டில். முனைகள் பேட்டரி டெர்மினலில்.]

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 ஓல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2க்குக் கீழே என்றால் முதலில் வெளியே சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள். காலிப் பேட்டரியை வைத்துச் சோதித்தால் மீட்டர் நம்மைக் குழப்பிவிடும்.

சரி, இப்போது ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை 4000 ஆர்பிஎம் அளவுக்குக் கொடுங்கள். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். இந்த வண்டியில் 12.9. ஹெட்லைட் போட்டதும் 12.4க்கு இறங்கிவிட்டது. கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் போதவில்லை. பகலில் சமாளித்துவிட்டு இருட்டில் காலை வாருவது இதனால்தான்.

இஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஓல்ட்டேஜ் திடீரென்று எகிறி, எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டியின் இசியூ, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், போய்விடலாம்.

[காட்சி: இஞ்சினிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்.]

இஞ்சினுக்குள் காந்தம் சுற்றும்போது காயிலில் ஏசி கரண்ட் உண்டாகிறது. அது இந்த மஞ்சள் வயர்கள் வழியாக ஆர்ஆர் யூனிட்டுக்கு, அதாவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையருக்குப் போகிறது. ஆர்ஆர் யூனிட் அதை டிசியாக மாற்றி, 14 ஓல்ட் பக்கத்திலேயே பிடித்து நிறுத்துகிறது. சின்ன வண்டிகள் சிலவற்றில் மூன்று வயர் இருக்காது, அவற்றுக்குச் சோதனை கொஞ்சம் மாறும்.

எடுத்த எடுப்பில் காயிலைக் குறை சொல்லி இஞ்சின் கவரைத் திறக்க வேண்டாம். ஆயில், கேஸ்கெட் என்று செலவு இழுக்கும். முதலில் மஞ்சள் வயர்களை ஆர்ஆர் யூனிட்டோடு இணைக்கும் இந்தக் கப்ளரைப் பிரியுங்கள்.

[காட்சி: கப்ளர், மிக அருகில்.]

நடு மஞ்சள் வயரைப் பாருங்கள். பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது. வயரின் மேல்தோல் விரல் பட்டாலே உதிர்கிறது. மோந்து பார்த்தால் கருகிய வாடை. பின் லூசானாலோ துருப்பிடித்தாலோ அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடிச் சூடாகும். சூடாகச் சூடாகப் பின் இன்னும் லூசாகும். மழை நாளில் கர்டர் பாலத்துக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை அவசியம் பாருங்கள். மூன்றில் ஒரு வயர் தொடர்பு விட்டாலும் மற்ற இரண்டும் ஓரளவு சார்ஜ் கொடுக்கும். கோளாறு மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருப்பது அப்படித்தான்.

கப்ளரைப் பிரித்த நிலையிலேயே காயிலையும் பார்த்துவிடலாம். மீட்டரை ஏசி ஓல்ட்டுக்கு மாற்றி, இஞ்சினை ஓடவிட்டு, மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாகத் தொடுங்கள். விரல் மட்டும் படக்கூடாது. ஐட்லிங்கில் இங்கே 21, 21, 20. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க மூன்றும் ஒன்றாக ஏறுகின்றன. வண்டிக்கு வண்டி எண் மாறும், மூன்றும் ஒத்துப்போவதுதான் முக்கியம். அப்புறம் இஞ்சினை நிறுத்திவிட்டு, மஞ்சள் வயருக்கும் இஞ்சின் பாடிக்கும் நடுவில் கன்டினியூட்டி, அதாவது மின் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பீப் அடித்தால் காயில் எர்த் ஆகிவிட்டது. இங்கே அடிக்கவில்லை, காயில் நன்றாக இருக்கிறது.

கருகிய பகுதியை வெட்டிவிட்டுப் புதுப் பின் கிரிம்ப் செய்து, புதுக் கப்ளர் போட்டோம். வயரை முறுக்கி டேப் சுற்றினால் மறுபடி அதே இடம்தான் எரியும். இப்போது ஹெட்லைட் போட்டும் 14.1.

காயிலும் கப்ளரும் சரியாக இருந்து, பேட்டரிக்குப் போகும் வயரிலும் எர்த்திலும் குறை இல்லாமல், அப்போதும் ஏறவில்லை என்றால் ஆர்ஆர் யூனிட்தான். 15 ஓல்ட்டைத் தாண்டினாலும் பெரும்பாலும் அதேதான். அப்படியே ஓட்டினால் பல்பு பியூஸ் போகும், பேட்டரி உப்பிவிடும். ஆர்ஆர் யூனிட்டின் அலுமினியத் துடுப்புகளில் சேறு அப்பியிருந்தால் கழுவுங்கள். சித்திரை வெயிலில் அதற்குக் காற்று வேண்டும்.

இந்த அண்ணன் தனியாக இரண்டு எல்இடி லைட் போட்டிருக்கிறார். அதனால், சாவியை எடுத்தபின் கரண்ட் கசிகிறதா என்றும் பார்த்தோம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து, அந்த வயருக்கும் பேட்டரி டெர்மினலுக்கும் நடுவில் இணைக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள். சில மில்லி ஆம்பியர் காட்டினால் பிரச்சினை இல்லை. நூற்றுக்கணக்கில் காட்டினால் லைட்டின் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.