“என் மகன் எப்போது பாஸாவான்?”

(திருப்பூரில் சிறு பின்னலாடை நிறுவன உரிமையாளர்கள் கூடிய அரங்கில் ஒரு சிறப்பாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஏற்றுமதி அவசரங்களுக்கு நடுவே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல், ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

அறிவுசார் குறைபாடுடைய இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். காகிதக் கவர் ஒட்டுவது, மெழுகுவத்தி வார்ப்பது, மிதியடி பின்னுவது ஆகியவைதான் பாடங்கள். பதினாறு வயதில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவனுக்கு இருபத்தைந்து வயதானபோது ஒரு நாள் அவன் அம்மா, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தபடி, “டீச்சர், என் மகன் எப்போது பாஸாவான்?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. இந்த ஊரில் கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கையாளாக, உள்ளே வரும் பெண், ஓரிரு ஆண்டுகளில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறாள். அவனோ ஒன்பது ஆண்டுகளாகப் பயிற்சியிலேயே இருந்தான். திருப்பூரில் மெழுகுவத்தி வார்த்து யாரும் குடும்பம் நடத்துவதில்லை என்று தெரிந்தும் அதையே கற்றுக்கொடுத்தேன். முதலில் இவன் வேலைக்குத் தயாராகட்டும், தயாரானதும் யாராவது கூப்பிடுவார்கள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையால் ஓர் இளைஞனின் ஒன்பது ஆண்டுகள் போயின. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துச்செல்வதுதான் இவர்களில் பலருக்கு மிகக் கடினம். பயிற்சி மையத்து மேசையில் பழகிய கை, கம்பெனி மேசையில் தடுமாறும். வெளிச்சம், சத்தம், பக்கத்தில் நிற்கும் ஆள் எல்லாம் வேறு. அப்படியானால் ஒரு பொய்யான இடத்தில் ஆண்டுக்கணக்கில் பழக்கிவிட்டு உண்மையான இடத்துக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய வீண்! முதலில் வேலையில் சேர்க்க வேண்டும். அந்த இடத்திலேயே, அந்த மேசையிலேயே, கூட நின்று கற்றுத்தர வேண்டும். அவர் நிலைபெற நிலைபெற நாம் விலகிக்கொள்ள வேண்டும். இதைத்தான் ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு என்கிறார்கள்.

இந்த எண்ணம் வலுப்பெற்றதற்குப் பின்னால் ஒரு சைக்கிள் பிரேக் இருக்கிறது. அமெரிக்காவில் மார்க் கோல்டு என்ற சிறப்பாசிரியர் இருந்தார். பின்னாளில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். ‘இவர்களால் எதுவும் முடியாது’ என்று ஒதுக்கப்பட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனியாக நடத்தப்படும் பாதுகாப்புப் பணிக்கூடங்களில் எளிய வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, 15 உறுப்புகள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆய்வு 1972-இல் வெளிவந்தது. வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்தார். ஒரு குழுவினருக்கு மட்டும் ஒவ்வோர் உறுப்பின் ஒரு பக்கத்திலும் சிவப்பு வண்ணம் பூசிக் கொடுத்தார். சரியாகப் பிடித்தால் சிவப்பு தெரியும். அந்தக் குழு மற்றவர்களைவிட விரைவாகக் கற்றது. கற்பவர் தடுமாறினால் அவரைக் குறை சொல்லாதே, கற்பிக்கும் வழியை மாற்று என்பதே அவருடைய கொள்கை. 1982-இல் அவர் இறந்துவிட்டார். 1986-இல் அமெரிக்காவின் மறுவாழ்வுச் சட்டத் திருத்தத்தில் ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு முறையாக இடம்பெற்றது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அந்தத் தாயின் மகனை ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சேர்த்தோம். அவனைச் சேர்ப்பதற்கு முன் மூன்று நாட்கள் அந்த மேசையில் நானே நின்று வேலை செய்தேன். அது தெரியாமல் கற்றுக்கொடுக்க முடியாது. அட்டை வைத்து மடிப்பது, டேக் மாட்டுவது, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுவது, பாலிதீன் கவரில் போடுவது, பிறகு பெட்டியில் அடுக்குவது. எங்கே சிக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ஆர்டரில் ஒரு பெட்டிக்கு எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. அவனுக்கு எண்ண வராது.

ஒரு பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஆறு அறைகள் கொண்ட தட்டு செய்தேன். எஸ் அறைக்கு மஞ்சள், எம் அறைகளுக்குப் பச்சை, எல் அறைகளுக்கு நீலம், எக்ஸ்எல் அறைக்குச் சிவப்பு. சைஸ் ஸ்டிக்கரின் ஓரத்திலும் அதே வண்ணத்தில் ஒரு கோடு. அறைகள் நிரம்பினால் பெட்டிக்குள் தள்ள வேண்டும். அவ்வளவுதான். வண்ணப் பேனாக்களைத் தவிர வேறு செலவே இல்லை. இரண்டாவது வாரத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். பக்கத்து மேசைப் பெண்களும் அதே போன்ற தட்டு வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருவருக்காகச் செய்த ஏற்பாடு எல்லோருக்கும் வேலையை எளிதாக்கியது.

ஆனால் வேலையை அவன் கற்றுக்கொண்ட பிறகும் மூன்றாவது வாரத்தில் எல்லாம் கைவிட்டுப் போகும்போல் இருந்தது. காரணம் காலை 11 மணி டீ. டீக்கு மணி அடித்ததும் எல்லோரும் கூட்டம் கூட்டமாகப் போய்விடுவார்கள். அவனை யாரும் கூப்பிடவில்லை. வெறுப்பினால் அல்ல, எப்படிப் பேசுவது என்று தெரியாததால். அவன் தனியாக வாசல் பக்கம் போய் நிற்பான். மணி அடித்தாலும் திரும்பி வரமாட்டான். சூப்பர்வைசர் என்னிடம், “வேலையைவிட அவனைத் தேடுவதே வேலையாகிவிட்டது” என்றார். ஒரு கைமடி அக்கா அதைத் தீர்த்துவைத்தார். “தம்பி, எனக்கும் சேர்த்து டீ வாங்கி வா” என்று இரண்டு தம்ளர்களை அவன் கையில் கொடுத்தார். அன்று முதல் அவனுக்குப் போகவும் வரவும் ஒரு காரணம் கிடைத்தது. உட்கார ஓர் இடமும் கிடைத்தது. என் பதினான்கு ஆண்டுப் பயிற்சியில் அதற்கு ஒரு பாடம்கூட இருக்கவில்லை.

முதல் வாரம் முழுநாளும் உடன் நின்றேன். பிறகு அரை நாள், பிறகு ஒரு மணி நேரம். நான்காவது மாதத்தில் வாரம் ஒரு முறை எட்டிப் பார்த்தேன். முற்றிலும் விலகிவிடவில்லை, விலகவும் கூடாது. ஆர்டர் மாறும்போது, சூப்பர்வைசர் மாறும்போது, வீட்டில் ஒரு சாவு நேரும்போது மீண்டும் நாங்கள் வர வேண்டியிருக்கும். ஆளைச் சேர்த்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடும் அமைப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படி வருபவர்களிடம், ஆறாவது மாதத்தில் யார் வருவார்கள் என்று கேளுங்கள்.

தோல்வியையும் சொல்லியாக வேண்டும். காது கேளாத ஒரு பெண்ணை, நல்ல டெய்லர், வேறொரு கம்பெனியில் சேர்த்தோம். ஒரு நாள் மதியம் கழுத்துப் பட்டியின் அளவு மாறியது. லைன் முழுக்க வாய்ச்சொல்லாகச் செய்தி போனது. அவருக்கு மட்டும் போகவில்லை. மாலையில் அவர் தைத்த நானூறு பீஸும் தவறு என்று எல்லோர் முன்னாலும் திட்டினார்கள். திட்டியதும் அவர் காதில் விழவில்லை. முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மறுநாள் வரவில்லை. அவருடைய தையலில் குறையே இல்லை. மாற்றம் வந்தால் திருத்திய சாம்பிள் பீஸை மெஷின் முன்னால் தொங்கவிட வேண்டும், ஒரு பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தவறினோம்.

இங்கே பலர் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரியும். உற்பத்தி குறையாதா? சிலரிடம் குறையும், மறைக்க மாட்டேன். எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்காமல் வேலையைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் தேர்ந்த டெய்லர் ஒரு நாளில் எத்தனை முறை எழுந்து போய்க் கட்டு எடுத்துவருகிறார், எவ்வளவு நேரம் பிசிறு வெட்டுகிறார்? அந்தத் துண்டு வேலைகளைத் திரட்டினால் ஒரு முழு வேலை கிடைக்கும். அதற்கு முழுக் கூலி கொடுங்கள். “அவனுக்கு என்ன செலவு இருக்கிறது, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால் போதும்” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். என் ஆளை அன்றே அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அமெரிக்காவிலேயே 1938-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க வழிவிட்டது. அந்தத் தவறு அங்கே பல தலைமுறைகளைத் தின்றது. நாம் அதே வழியில் போக வேண்டாம்.

மனநோயிலிருந்து மீண்டு வருபவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு வேலை தெரியும். பெரும்பாலும் நம்மைவிட நன்றாகவே தெரியும். இரவு மாத்திரையால் காலை 8.30 மணிக்கு உடம்பு எழாது, ஒன்றரை ஷிப்ட் தாங்காது. 10 மணிக்கு வரட்டும், ஒரு ஷிப்டோடு போகட்டும். 1990-களில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் அமெரிக்காவில் உருவாக்கிய முறையில் வேலையில் சேர்வதற்கான தகுதி ஒன்றே ஒன்றுதான். அவருக்கு வேலை செய்ய விருப்பம் இருக்க வேண்டும். நோயின் பெயரைக் கேட்டு வாசலிலேயே வடிகட்டுவதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 1 சதவீதம்தான். அந்த இட ஒதுக்கீடு உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதிவைக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் அதை விரிவாக எழுத வேண்டும். நியாயமான வசதி என்று சட்டம் சொல்வது, நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாத மாற்றத்தைத்தான். அந்த அட்டைத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கான சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. இதை உங்கள் கணக்காளரிடம் சொல்லிவையுங்கள். பல அலுவலகங்களில் இது தெரிவதில்லை.

பெற்றோரின் அச்சமும் ஒன்று உண்டு. வேலைக்குப் போனால் மாதம் வரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை நின்றுபோகுமோ, வேலையும் நிலைக்காமல் இரண்டும் போய்விடுமோ என்று தயங்குகிறார்கள். அதனால் பத்து நாள் பார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். மூன்று மாதமாவது பாருங்கள்.

இப்போது என்னிடம் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் பேக்கிங் செய்வார், தட்டு நான் செய்து தருவேன். ஒருவருக்கு அயர்னிங் பகுதியின் நீராவிச் சத்தம் ஆகாது, செக்கிங் மேசையில் உட்கார்ந்தால் ஒரு ஊசித் துளைகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. மூன்றாமவர் பத்தாண்டு அனுபவமுள்ள டெய்லர், நோயிலிருந்து மீண்டவர், 10 மணிக்குத்தான் வர முடியும். திங்கட்கிழமை காலை முதல் மூன்று நாட்கள் நானே வந்து உங்கள் மேசையில் வேலை செய்வேன், கூலி வேண்டாம். யாருடைய கம்பெனிக்கு வர வேண்டும் என்று கீழே இறங்கும்போது சொல்லுங்கள். நான் வாசலருகே நிற்கிறேன்.