அட்டையில் மலை, உள்ளே யார்?

நண்பர்களே, ஸ்காட்லாந்து வரலாறு என்று விற்கும் வெகுசனப் புத்தகங்களின் அட்டைகளைக் கவனியுங்கள். மேகம் கவிந்த மலை, இடிந்த கோட்டை, கில்ட் என்னும் கட்டம் போட்ட பாவாடை போன்ற உடை உடுத்திய வாள்வீரன். எல்லாம் ஹைலாண்ட்ஸ் என்னும் வடமேற்கு மலைநாட்டின் அடையாளங்கள். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் வாழ்வது கிளாஸ்கோ, எடின்பரோ நகரங்கள் இருக்கும் லோலாண்ட்ஸ் தாழ்நிலத்தில். ஆகவே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் தாழ்நிலத்துக்காரன் எங்கே?

இந்த அட்டைப்படத்தை வரைந்து கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால் அது வால்டர் ஸ்காட். அவரே எடின்பரோவில் பிறந்த வழக்கறிஞர். 1814இல் பெயர் போடாமல் வெளியிட்ட 'வேவர்லி' நாவலில் அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் ஏற்ற ஜேக்கபைட் என்ற ஆதரவாளர்கள் 1745இல் நடத்திய கலகத்தை எழுதினார். (மதராஸையும் மைசூரையும் களமாக வைத்தும் ஒரு கதை எழுதினார், இந்தியாவில் கால் வைக்காமலேயே.) 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பு ஏற்பாடு ஸ்காட் கைக்கு வந்தது. அவர் ஊரையே டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியில் நிறுத்தினார். மன்னரும் கில்ட் அணிந்தார். கலகம் ஒடுங்கிய கையோடு 1746இல் தடைசெய்யப்பட்ட மலைநாட்டு உடை அது. தடை நீங்கியது 1782இல். நாற்பதே ஆண்டில் தேசிய உடையாகிவிட்டது! 1842இல் இரு சகோதரர்கள், பழைய சுவடியிலிருந்து எடுத்தது என்று சொல்லி, எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்று ஒரு நூலே போட்டார்கள். சுவடி போலி. ஆனால் அதிலிருந்த வடிவங்கள் பல இன்றும் கடைகளில் விற்கின்றன.

இதைப் படித்தவுடன் சிலர் 'கில்ட் என்பதே பொய்' என்று எதிர்ப்பக்கம் சாய்வார்கள். வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் எழுதியதை அரைகுறையாகப் படித்தால் வரும் வினை அது. ஓர் ஆங்கிலேய இரும்பாலை முதலாளி உருவாக்கியதாக அவர் சொன்னது இடுப்புக்குக் கீழ் மட்டும் வரும் குட்டைக் கில்ட்டை. முழு உடலையும் சுற்றி, மடிப்பு வைத்து, வாரால் கட்டும் நீளத் துணி அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. குலத்துக்கொரு கட்டம் என்ற அட்டவணைதான் புதுச்சரக்கு.

ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட வில்லியம் வாலஸ் பற்றிய நூல்களுக்குச் சுருக்கமான சோதனை ஒன்று உண்டு. அவர் தூக்கிலிடப்பட்டது 1305இல். குருட்டு ஹாரி என்ற கவி அவரைப் பாடியது 1477 வாக்கில். ஒரு செய்திக்கு ஹாரியைத் தவிர வேறு சான்று இல்லையென்றால், அதைக் காப்பியமாக ரசியுங்கள், வரலாற்றில் சேர்க்காதீர்கள். 1995இல் வந்த 'பிரேவ்ஹார்ட்' திரைப்படம் அந்தப் பாட்டின் வழி வந்ததுதான். அதில் வாலஸைக் காதலிக்கும் இளவரசி இசபெல்லா மணமாகி இங்கிலாந்து வந்தது 1308இல், அவர் இறந்து மூன்றாண்டு கழித்து. வாலஸும் தாழ்நிலத்துக்காரர்தான், கில்ட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து, ஜேக்கபைட் கலகத்தை முடித்துவைத்த கல்லோடன், 1746 ஏப்ரல் 16. ஒரு மணி நேரம்கூட நீடிக்காத போர். ஜேக்கபைட் தரப்பில் ஏறத்தாழ 1,500 பேர் மாண்டார்கள். 'ஸ்காட்லாந்து எதிர் இங்கிலாந்து' என்று ஒரு நூல் இதைச் சொன்னால் அங்கேயே மூடிவிடலாம். அரசுப் படையில் ராயல் ஸ்காட்ஸ் உள்ளிட்ட ஸ்காட்டியப் படைப்பிரிவுகள் நின்றன, மலைநாட்டுக் கேம்பல் குலத்தார் நின்றார்கள். எதிரே வடகிழக்குத் தாழ்நிலத்திலிருந்து வந்த ஜேக்கபைட்டுகளும் பிரெஞ்சுச் சேவையிலிருந்த ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். தோல்விக்குக் காரணம் வீரக்குறைவு அல்ல. முந்தின இரவு அரசுப் படை முகாமிட்டிருந்த நேர்ன் ஊரை நோக்கி நடந்து தாக்கப் போய், விடிவதற்குள் சேர முடியாமல், பசியும் தூக்கமுமாகத் திரும்பிய படை அது. அதைச் சதுப்பான திறந்தவெளியில் பீரங்கிகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

கல்லோடனை லட்சக்கணக்கானோருக்குக் கொண்டுபோனவர் எழுத்தாளர் ஜான் பிரெபிள். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். 'ஜூலு' படத்தின் திரைக்கதையில் பங்குகொண்டவர். காட்சி கட்டும் கை அவருக்கு அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். 1963இல் வந்த அவரது 'ஹைலாண்ட் கிளியரன்சஸ்', ஆட்டுப் பண்ணைக்காக மலைநாட்டுக் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றிய கதை. 1814இல் வடக்கே ஸ்ட்ராத்னேவர் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குத் தீ வைத்ததாக நிலக்கிழாரின் முகவர் பேட்ரிக் செல்லர் மீது வழக்கு வந்ததையும், 1816இல் இன்வர்னெஸ் நீதிமன்றம் அவரை விடுவித்ததையும் படிக்கும்போது ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும். ஆனால் 'ஏன் நடந்தது' என்பதற்கு ஆட்டுமந்தையும் துரோகித் தலைவனும் மட்டும் போதாது.

மேற்குக் கரையில் கெல்ப் என்ற தொழில் இருந்தது. கடற்பாசியை வெட்டி, உலர்த்தி, எரித்துச் சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய காரச் சாம்பல் எடுப்பார்கள். ஏறத்தாழ 20 டன் ஈரப்பாசிக்கு ஒரு டன் சாம்பல். அவ்வளவு கைகள் வேண்டுமே! ஆகவே நிலச்சுவான்தார்கள் குடும்பத்துக்குப் பிழைக்கப் போதாத துண்டு நிலம் கொடுத்தார்கள். வாடகைக்காகக் கடலில் இறங்கித்தானே ஆகவேண்டும். 1803இல் கப்பல் பயணிகள் நலன் என்ற பெயரில், நிலச்சுவான்தார்களின் ஆதரவோடு வந்த சட்டம் கட்டணத்தை ஏற்றிவிட்டது. வெளியேற நினைத்தவர்கள் வெளியேற முடியவில்லை. 1815இல் நெப்போலியன் போர் முடிந்தபின் வெளிநாட்டுச் சரக்கு வந்தது, கெல்ப் விலை சரிந்தது. அதே கைகள் இப்போது பாரமாயின. 1846இல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்தபிறகு சில நிலக்கிழார்கள் தாமே கட்டணம் கட்டிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். நேற்றுப் போகாதே என்றவர்கள் இன்று போ என்றார்கள். இந்தக் கணக்கு புரிய ஜேம்ஸ் ஹண்டரின் 1976ஆம் ஆண்டு நூலைப் பிரெபிளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

படிக்கும் வரிசையும் முக்கியம். பிரெபிளில் தொடங்கினால் கிளாஸ்கோவில் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். டி. சி. ஸ்மவுட் 1969இல் எழுதிய ஸ்காட்டிய மக்கள் வரலாற்றில் தொடங்குங்கள்; 1560 முதல் 1830 வரை வயல், திருச்சபை, ஊர் என்று அடித்தளம் கிடைக்கும். அடுத்து டாம் டிவைன் எழுதிய 'தி ஸ்காட்டிஷ் நேஷன்'. பிரெபிள் அதற்குப் பிறகு, நாவல்கள் கடைசியில். நவீன உலகத்தையே ஸ்காட்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று தலைப்பிலேயே மார்தட்டும் நூலும் உண்டு. அதைப் படித்தால், கரீபிய அடிமைமுறையில் ஸ்காட்லாந்தின் பங்கு பற்றி டிவைன் 2015இல் தொகுத்த கட்டுரைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவைன் 2018இல் எழுதிய 'தி ஸ்காட்டிஷ் கிளியரன்சஸ்' நூலுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். தாழ்நிலத்திலும் வெளியேற்றம் நடந்தது. உழைப்புக்கு ஈடாகச் சிறு நிலம் வைத்திருந்த காட்டர் என்ற கூலிக்குடிகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அநேகமாக மறைந்தே போனார்கள். பக்கத்து நகரத்திலும் நெசவுக் கிராமத்திலும் வேலை கிடைத்ததால் அது ஓசையின்றி நடந்தது. பாட்டும் பிறக்கவில்லை, அட்டைப்படமும் இல்லை. ஓசை எழுந்த இடம் ஒன்று உண்டு: 1724இல் தென்மேற்குத் தாழ்நிலத்துக் கேலோவேயில், மேய்ச்சலுக்காக நிலத்தை வளைத்துக் கட்டிய கல்வேலிகளை மக்கள் இரவில் இடித்தார்கள். அடுத்த முறை கடையில் ஒரு நூலை எடுக்கும்போது, பின்பக்கச் சொல்லடைவில் 'கேலோவே' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலையைப் பாருங்கள்.