உயிர் இருந்தால்தானே திருந்த முடியும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'போதையின் பிடியிலிருந்து மக்களைப் பெரிதும் காப்பது கடும் தண்டனையா, தீங்கு குறைக்கும் சிகிச்சையா?' என்ற தலைப்பில் சிகிச்சையின் பக்கம் பேச வந்திருக்கிறேன். தீங்கு குறைப்பது என்றால், போதையை இன்னும் விடமுடியாதவரையும் சுத்தமான ஊசியும் மருந்தும் கொடுத்து உயிரோடு காப்பது. எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்தார். சிறைக்குப் பயந்தால் ஒருவன் போதையைத் தொடமாட்டான் என்றார். ஊசியைக் கையில் கொடுப்பது 'போட்டுக்கொள்' என்று சொல்வதற்குச் சமம் என்றார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் தண்டனையை நீக்கிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பிவிட்டது என்றார். முதல் வாதத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்ற இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன.

பயம் வேலை செய்யும் என்கிறார்கள். செய்கிறது ஐயா, எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். ஹெராயினுக்கு அடிமையானவர் போலீசுக்குப் பயந்து ஊசியை விடுவதில்லை, இடத்தை மாற்றுகிறார். பாலத்தடிக்குப் போகிறார், பொதுக் கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொள்கிறார். தனியாகப் போடுகிறார், அவசரமாகப் போடுகிறார். சட்டைப்பையில் ஊசி இருந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று சொந்த ஊசி வைத்துக்கொள்வதில்லை, அங்கே கிடப்பதை எடுக்கிறார். பக்கத்தில் ஒருவர் மயங்கிச் சாய்ந்தால் ஆம்புலன்சோடு போலீசும் வரும் என்று கூட இருந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள்.

அந்த ஓட்டத்தின் விலை என்ன? ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள் அளவு மீறினால் மூச்சை இயக்கும் மூளைப் பகுதி மந்தமாகிறது. கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கும், உதடும் நகமும் நீலமாகும், தொண்டையில் குறட்டை போல ஒரு சத்தம் வரும், பிறகு மூச்சு நிற்கும். இதை முறிக்கும் மருந்து இருக்கிறது, பெயர் நலாக்சோன். மூக்கில் அடிக்கும் வகையில் ஒரு குப்பி 4 மில்லிகிராம், தசையில் போடும் ஊசியானால் 0.4 மில்லிகிராம். தோளை உலுக்கி, நெஞ்செலும்பை விரல் முட்டியால் தேய்த்துப் பார்த்தும் அசைவில்லை என்றால் ஆம்புலன்சை அழைத்துவிட்டு இதைக் கொடுக்க வேண்டும். ஐந்து நொடிக்கு ஒன்றாக வாய்வழி மூச்சு ஊத வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லை என்றால் இரண்டாம் அளவு.

பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்ததுதான். நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். உடலில் இருக்கும் ஓபியாய்டு அதற்கு மேலும் நீடித்தால் எழுந்து உட்கார்ந்தவர் மறுபடி சாய்வார். ஆகவே ஒருக்களித்துப் படுக்க வைத்து, உதவி வரும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தூக்க மாத்திரையும் கலந்திருந்தால் நலாக்சோன் அந்தப் பகுதியைத் தொடாது, அப்போது மூச்சு ஊதுவதுதான் உயிரைப் பிடித்து வைக்கும். இவ்வளவையும் செய்ய ஒருவர் அங்கே நிற்க வேண்டுமே! அவரை ஓட வைப்பதுதான் எதிரணி புகழ்கிற பயம். இதைப் புரிந்துகொண்டுதான் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007இல், உதவிக்கு அழைப்பவர் மேல் போதைப் பொருள் வைத்திருந்த வழக்கு கிடையாது என்று சட்டம் செய்தது. பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் வந்தன.

சரி, பிடித்து உள்ளே போட்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வெளியே வருவார் அல்லவா? உள்ளே இருந்த மாதங்களில் அவர் உடல் மருந்தைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும், ஆசை மட்டும் அப்படியே இருக்கும். பழைய அளவையே போட்டுக்கொள்வார், அது இப்போது கொல்லும் அளவு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த முப்பதாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007இல் வெளியானது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் போதை மருந்து மிகுந்து சாகும் ஆபத்து, அந்த மாநிலத்தின் மற்ற மக்களுக்கு இருப்பதைப் போல 129 மடங்கு! சில வாரம் பூட்டி வைத்து 'சுத்தம்' செய்து அனுப்பும் மையங்களுக்கும் இதே கணக்குதான். மாற்று மருந்து தராமல் நிறுத்த மட்டும் செய்வது, தாங்கும் சக்தியைப் பறித்துவிட்டுத் தெருவில் விடுவது.

மாற்று மருந்து என்றால் ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவக் கண்காணிப்பில் தரும் ஓபியாய்டுகள்: மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2017இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு. மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 பேர் இறக்கிறார்கள். சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களில் அந்த எண் 36. இதை ஏனோதானோ என்று கொடுக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெத்தடோன் உடலில் மெல்லக் கரையும், நேற்றைய அளவின் மேல் இன்றையது ஏறும். ஆகவே முதல் நாள் 30 மில்லிகிராமைத் தாண்டாமல் தொடங்கி, சில நாளைக்கு ஒருமுறை கொஞ்சமாக உயர்த்தி, பெரும்பாலானவர்களை 60 முதல் 120க்குள் நிறுத்துவார்கள். பயந்து 30, 40லேயே நிறுத்திவிடும் மையங்களில் நோயாளி மாலையானதும் தெருவுக்குத்தான் போவார். பியூப்ரெனார்ஃபினில் சிக்கல் வேறு. முந்தைய ஹெராயின் உடலில் இருக்கும்போதே கொடுத்தால் கைகால் உதறலும் வாந்தியும் ஒரேயடியாகக் கிளம்பும். உதறல் தானாகத் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை. தெரியாமல் அவசரப்பட்டுக் கொடுத்த மையத்துக்கு அந்த நோயாளி மறுபடி வரமாட்டார்.

அடுத்து, ஊசி கொடுப்பது ஊக்கம் தருவதா? ஊசி இல்லை என்பதற்காக யாரும் ஹெராயினை விட்டதில்லை, பங்கு போட்டுக்கொண்டார்கள். கழற்றி மாட்டும் ஊசி கொண்ட சாதாரண சிரிஞ்சில் தண்டை முழுக்க அழுத்திய பிறகும் முனையில் 84 மைக்ரோலிட்டர் வரை ரத்தம் கலந்த திரவம் தங்கும். ஊசி நிலையாகப் பொருத்திய இன்சுலின் வகை சிரிஞ்சில் தங்குவது இரண்டு மைக்ரோலிட்டர்தான். எந்தச் சிரிஞ்சை வாங்கி விநியோகிப்பது என்ற ஒரு கொள்முதல் முடிவே ஒரு ஊரின் எச்.ஐ.வி. கணக்கில் தெரியும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இன்னும் பிடிவாதமானது. ஊசி புதிதாக இருந்தாலும் மருந்து கரைத்த மூடியையும் வடிகட்டிய பஞ்சையும் தண்ணீரையும் பகிர்ந்தால் அது தொற்றிவிடும். அதனால்தான் நல்ல திட்டங்கள் சிரிஞ்சோடு சுத்த நீர்க் குப்பி, வடிகட்டி, சிறு கிண்ணம், துடைக்கும் பஞ்சு எல்லாவற்றையும் ஒரே பொதியாகத் தருகின்றன. ஒருவருக்கு ஆண்டுக்கு 200 ஊசியாவது சேர வேண்டும் என்பது ஐ.நா. அமைப்புகள் வகுத்த அளவு. பத்தோ இருபதோ கொடுத்துவிட்டு 'பலனில்லையே' என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்து பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவையும் எதிரணி காட்டியது. உண்மைதான். 1980களின் கடைசியில் அங்கே ஆயிரக்கணக்கானோர் பகலிலேயே ஊசி போட்டார்கள். 1992 பிப்ரவரியில் பூங்காவைப் பூட்டினார்கள். கூட்டம் சற்றுத் தள்ளி இருந்த லெட்டன் ரயில் நிலையத்துக்குப் போனது, 1995இல் அதையும் மூடினார்கள். இந்த முறை கூட்டம் திரும்பி வரவில்லை. காரணம், இடைப்பட்ட காலத்தில் மெத்தடோன் மையங்களும், கண்காணிப்போடு ஊசி போடும் அறைகளும், 1994இல் தொடங்கிய மருத்துவ ஹெராயின் சிகிச்சையும் வந்துவிட்டன. தடுப்பு, சிகிச்சை, தீங்கு குறைப்பு, சட்ட அமலாக்கம் என்று நான்கு தூண் கொள்கை வகுத்தார்கள். போலீஸ் அதில் ஒரு தூண், கவனியுங்கள், மறுக்கவில்லை. 2008இல் மருத்துவ ஹெராயினைச் சட்டத்தில் நிலைநிறுத்தலாமா என்று மக்களிடமே கேட்டபோது 68 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

இனி ஓரிகன். அதைப் போர்ச்சுகலின் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1990களின் கடைசியில் போர்ச்சுகலின் ஒரு கோடி மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஹெராயினில் சிக்கியிருந்தார்கள். 2001 ஜூலை 1 முதல், பத்து நாள் சொந்தப் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவை வைத்திருப்பது அங்கே குற்ற வழக்கு இல்லை. ஹெராயின் என்றால் 1 கிராம், கோக்கைன் என்றால் 2 கிராம். விற்பது அன்றும் இன்றும் குற்றம். பிடிபட்டவரின் பொருளைப் போலீஸ் பறிமுதல் செய்து, 72 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழு முன் வரச் சொல்கிறது. சட்டம், உளவியல், சமூகப் பணி போன்ற துறைகளைச் சேர்ந்த மூவர் சாதாரண மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். அடிமையானவர் என்று தெரிந்தால் கையோடு சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். லிஸ்பன் தெருக்களில் மெத்தடோன் வேன் தினமும் நிற்கிறது. ஊசி போடுபவர்களிடையே ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேலாக இருந்த புதிய எச்.ஐ.வி. தொற்று, இருபது ஆண்டுக்குள் ஐம்பதுக்கும் கீழே இறங்கியது.

ஓரிகன் என்ன செய்தது? 2021 பிப்ரவரியில் தண்டனையை எடுத்தது, அதன் இடத்தில் 100 டாலர் அபராதச் சீட்டை வைத்தது. ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துப் பேசினால் அபராதம் தள்ளுபடி. அழைக்காவிட்டாலும் ஒன்றும் நடக்காது. முதல் 15 மாதத்தில் அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் 119. சிகிச்சை மையங்களுக்கான பணம் ஓராண்டுக்கும் மேல் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதே மாதங்களில்தான் மேற்குக் கடற்கரைக்கு, மிகச் சிறிய அளவே கொல்லும் ஃபென்டனில் வந்து இறங்கியது. அதன் பரவலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு 2024இல் வெளியான ஆய்வு, மரணங்கள் ஏறியதற்கும் இந்தச் சட்டத்துக்கும் தொடர்பு காணவில்லை. சட்டத்தை எடுத்தார்கள், மேசையும் மூவரும் வேனும் வரவில்லை. போர்ச்சுகலே 2012க்குப் பின் சிக்கனம் என்று சொல்லி இந்தப் பணிக்கான நிர்வாகத்தைக் கலைத்துப் பிரித்தபோது தடுமாறியது. இது சிகிச்சை தோற்ற கதை இல்லை ஐயா, சிகிச்சைக்குப் பணம் தராத கதை.

1998இல் ஐ.நா. பொதுச்சபையின் சிறப்பு அமர்வு 'போதையற்ற உலகம்' என்று முழங்கிப் பத்தாண்டு கெடு வைத்தது. 2008இல் கெடு முடிந்தது, உலகம் அப்படியேதான் இருந்தது. 2009இல் வியன்னாவில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கூடியபோது தீங்கு குறைப்பைத் தீர்மானத்தில் எழுதவே சில அரசுகள் விடவில்லை. ஜெர்மனி எழுந்து 26 நாடுகளின் சார்பில் தங்கள் நிலையைப் பதிவு செய்தது. நாடு நாடாக, ஆண்டு ஆண்டாக ஆதாரங்களை எடுத்துப்போய்ப் பேசிய மருத்துவர்களும், போதையிலிருந்து பிழைத்தவர்களும், தன்னார்வ அமைப்புகளும் ஓயவில்லை. 2024 மார்ச்சில் அதே வியன்னாவில், தீங்கு குறைப்பு என்ற சொல் இடம்பெற்ற தீர்மானத்தின் மேல் வாக்கெடுப்பு வந்தது. ஆதரவு 38, எதிர்ப்பு 2, நடுநிலை 6. எதிர்த்தவை ரஷ்யாவும் சீனாவும். ஒருமித்த முடிவே வழக்கம் என்று காத்துவந்த சபை அது!

நேரம் முடிகிறது என்று மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு செய்தி. நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்கள் ஊசியும் பியூப்ரெனார்ஃபினும் தருகின்றன. அதே நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஹெராயினை உட்கொண்ட குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. தானாகச் சிகிச்சைக்கு வந்தால் 64ஏ பிரிவில் வழக்கிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். விடுவதும் திரும்ப வருவதும் இந்த நோயின் இயல்பு என்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் கேட்கிறேன்: ஒரே அரசின் இந்த இரண்டு கைகளில் எந்தக் கையை நிறுத்தச் சொல்லப் போகிறீர்கள்?

நன்றி, வணக்கம்.