பதறாத காரியம் சிதறாது: வியூக ஆட்டங்களின் நிறையும் குறையும்

(திருமங்கலத்தில் எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்டதோடு வந்த எல்லாருக்கும் காபிக்கும் ஏற்பாடு செய்த அரிசிமண்டி அண்ணாச்சி அவர்களே, மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் என் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியை அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வீடியோ கேம் பற்றிப் பேச ஒரு இலக்கிய மேடையில் இடம் கேட்டபோது, வேறு யாராக இருந்தாலும் முகம் சுளித்திருப்பார்கள். அம்மா, "எதைப் பற்றிப் பேசினாலும் யோசித்துப் பேசுங்கள், போதும்" என்றார்கள். அண்ணாச்சியும் அப்படித்தான். கடையில் மூட்டை இறக்குகிற நேரத்தில் போய் நின்றேன்; சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நகர்மன்ற உறுப்பினரிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைக் கடைசியில் வைக்கிறேன். அதுவரை அவர் கிளம்பாமல் இருக்க வேண்டும்.

நான் ஐந்து விஷயம் பேசலாம் என்று வந்தேன். இந்த ஆட்டங்கள் எங்கிருந்து வந்தன, நிறை என்ன, குறை என்ன, சட்டம் என்ன சொல்கிறது, பெற்றோர் என்ன செய்யலாம். ஐந்துக்கும் அடியில் ஓடுவது ஒரு பழமொழிதான்: பதறாத காரியம் சிதறாது.

வீடியோ கேம் என்றதும் பெரியவர்கள் கண்முன் வருவது துப்பாக்கிச் சத்தம், இல்லையென்றால் ரம்மி. நான் பேச வந்தது வேறு வகை. கட்டம் போட்ட களம், அதில் உங்கள் படை. நீங்கள் உங்கள் ஆட்களை நகர்த்துவீர்கள், அப்புறம் எதிரி நகர்த்துவான். சதுரங்கம் மாதிரி முறை மாறி மாறி வரும். ஆனால் சதுரங்கத்தில் சிப்பாய்க்குப் பெயர் கிடையாது. இங்கே ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, கதை உண்டு. சண்டை போடப் போட அனுபவம் கூடும், லெவல் ஏறும். இதைத்தான் பிள்ளைகள் ஸ்ட்ராட்டஜி ஆர்பிஜி என்கிறார்கள்; நான் வியூக ஆட்டம் என்கிறேன்.

ஜப்பானில் 1990இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த ஃபயர் எம்பளம் இந்த வகைக்குப் பாதை போட்டது. 1992இல் சேகாவின் ஷைனிங் ஃபோர்ஸ், 1995இல் டாக்டிக்ஸ் ஓகர், 1997இல் பிளேஸ்டேஷனில் ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ். வரலாறு இவ்வளவு போதும்.

நிறைக்கு வருகிறேன். முதல் நிறை, யோசிக்க நேரம் கொடுப்பது. உங்கள் முறை வந்தால் அரைமணி நேரம் ஆனாலும் எதிரி காத்திருப்பான். எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து நகர்த்தலாம். எதையும் விரட்டி விரட்டிச் செய்யப் பழகிய பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் பார்க்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பதை வாயால் சொல்லிக்கொடுத்தால் ஏறாது. அவசரப்பட்டு ஒரு குதிரைக்காரனை முன்னால் அனுப்பி, அவன் செத்து விழுவதைப் பார்த்தால் ஏறும்.

இரண்டாவது, செத்தவன் செத்தவன்தான். ஃபயர் எம்பளம் மரபில் களத்தில் விழுந்தவன் திரும்ப வரமாட்டான். கூட இருபது சண்டை போட்டவனாக இருந்தாலும் அப்படித்தான். 2010இல்தான் அந்தத் தொடரில் விழுந்தவன் அடுத்த சண்டைக்குத் திரும்பி வரும் இலகு முறையைச் சேர்த்தார்கள். எனக்குப் பழைய முறைதான் சரி என்று படுகிறது. முடிவுக்கு விலை இருக்க வேண்டும்.

மூன்றாவது, கதை. டாக்டிக்ஸ் ஓகர் ஆட்டத்தில் ஒரு கட்டம் வரும். உன் இனத்து மக்கள் இருக்கும் ஊரையே அழித்துவிட்டு, பழியை எதிரி தலையில் போடு என்று உன் தலைவன் கட்டளையிடுவான். சம்மதிப்பதா மறுப்பதா என்று ஆடுகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். அங்கிருந்து கதை இரண்டாகப் பிரியும். 2019இல் வந்த ஃபயர் எம்பளம்: த்ரீ ஹவுசஸ் ஆட்டத்தில் நீங்கள் ஒரு ஆசிரியர். கதையில் ஐந்து வருடம் கழிந்தபின், அதே பள்ளியில் படித்த பிள்ளைகள் போர்க்களத்தில் எதிரே நிற்பார்கள். வகுப்பறையில் நிற்கிற எனக்கு அது பொம்மை விளையாட்டாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் என் தாய்மாமா வீடு. மாமா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடுபுலி ஆட்டத்தில் அந்த ஊரில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. மூன்று புலி, பதினைந்து ஆடு. எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஜெயிப்பார். மே மாத லீவுக்குப் பேரன் வந்திருந்தான். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் 'வெஸ்நாத்' ஆடிக்கொண்டிருந்தான். அதுவும் இதே வகைதான், 2003இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆட்டம். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குவது.

மாமா முதலில், "எந்நேரமும் பொட்டியக் கட்டிக்கிட்டே அழுவுறான்" என்று சத்தம் போட்டார். அப்புறம் பின்னால் வந்து நின்று பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார். பையன் ஒரு குதிரைக்காரனைப் பாய்ச்சி வேல்காரன் மேல் விடப் போனான். மாமா கத்தினார்: "டேய் டேய், அங்கிட்டு விடாதடா, வேல வச்சிருக்கான், குத்திப்புடுவான்!" பையன், "தாத்தா, உங்களுக்கு இது தெரியாது" என்று விட்டுவிட்டான். அந்த ஆட்டத்தில் குதிரைக்காரன் பாய்ந்தால் கொடுக்கிற அடியும் இரட்டிப்பு, வாங்குகிற அடியும் இரட்டிப்பு. வேல்காரனைத் தாக்கினால் முதல் குத்து அவனுடையதுதான். குதிரை விழுந்தது. மாமா பேரனை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! "பதறாத காரியம் சிதறாதுன்னு எத்தன தரம்டா சொல்றது?"

அன்றிலிருந்து அந்தப் படைக்குத் தளபதி மாமாதான். அதற்குள் அத்தையும் வந்துவிட்டார்கள். பேரனுக்கு அப்பத்தா. படையில் ஒரு மருத்துவச்சி உண்டு. வெள்ளை உடை போட்ட பெண். பக்கத்துக் கட்டத்தில் நிற்பவனுக்கு ஒரு சுற்றுக்கு 8 உயிர்ப்புள்ளி கூட்டுவாள். அத்தைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. "அந்தப் பிள்ள பேரு என்னடா?" பையன் வாசித்தான், ஏதோ இங்கிலீஷ்காரப் பெயர். "அதெல்லாம் வாயில நொழையல. பேச்சின்னு வையி." வெஸ்நாத்தில் வீரர்களுக்குப் பெயர் மாற்றலாம். பையன் தமிழிலேயே 'பேச்சி' என்று தட்டினான். அத்தை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, பே-ச்-சி என்று திரையிலிருந்து வாசித்தார்கள்.

அந்த ஆட்டத்தில் இரவு பகல் மாறும். மனித வீரர்களில் பெரும்பாலோருக்குப் பகலில் பலம் 25 சதவீதம் கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க் என்னும் அரக்கர்களுக்கு இது நேர்மாறு. பொழுது சாய்ந்ததும் அத்தை, "இருட்டிருச்சு, எல்லாரும் ஊருக்குள்ள வந்துருங்கப்பா" என்பார்கள். விதி யாரும் சொல்லித்தரவில்லை. சரியான உத்தி அதுதான்! ஊர்க் கட்டத்தில் நின்றால் காயமும் ஆறும், அடி தப்பும் வாய்ப்பும் கூடுதல்.

ஒரு ராத்திரிச் சுற்றில் பேச்சி செத்துப்போனாள். வீடே அமைதி. பையன் ஆட்டத்தை முன்பு சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கப் போனான். மாமா கையைப் பிடித்துவிட்டார்: "வெட்டுன ஆட்டத் திருப்பி வைக்கிறதில்லடா. ஆட்டம்னா ஆட்டம்." அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார்கள்: "அந்தப் பிள்ள வந்தாத்தான் இன்னிக்கு சோறு." மாமா நியாயத்தைச் சொன்னார். அத்தை சோற்றுப்பானையை மூடினார்கள். எட்டு மணிக்கு ஆரம்பித்த வழக்கு ஒன்பதரைக்கு முடிந்தது. பேச்சி திரும்பி வந்தாள். இந்த முறை மாமா அவளை இரண்டு கட்டம் பின்னால் ஊருக்குள் வைத்து, முன்னால் இரண்டு வேல்காரனை நிறுத்தினார். விடிகிற சுற்றில் ஜெயித்தார்கள். அப்புறம்தான் சாப்பாடு.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் கதை ஓடும். ராணி என்ன சொன்னாள், கிழவன் என்ன எச்சரித்தான் என்று வரிவரியாக வரும். அத்தனையும் இங்கிலீஷ். பையன் வாசித்து வாசித்துச் சொல்லுவான். பாதிக்குமேல் அவனுக்கே புரியாது. "ஏதோ பழிவாங்கணுமாம் அப்பத்தா" என்று முடித்துவிடுவான். அந்த வீட்டில் உத்தி தெரிந்தவர் இருந்தார், கதை கேட்க ஆசைப்பட்டவர் இருந்தார். அவர்கள் வாசிக்க முடிந்தது 'பேச்சி' ஒன்றுதான்.

சரி, குறைகள். நேரம் தின்னும். த்ரீ ஹவுசஸ் மாதிரி ஒரு ஆட்டத்தை ஒரு பாதையில் முடிக்கவே நாற்பது மணி நேரம் ஆகிவிடும். பரீட்சை நேரத்துக்கு ஆகாது. அடுத்து, சில ஆட்டங்களில் திரும்பத் திரும்ப ஒரே சண்டையைப் போட்டு லெவலை ஏற்றிக்கொண்டால் உத்தியே தேவைப்படாது. 2003இல் வந்த டிஸ்காயாவில் லெவல் 9999 வரை போகும். அதை ரசிக்கிறவர்கள் உண்டு; எனக்கு அது புத்தி வேலையாகத் தெரியவில்லை.

இன்னொரு குறை எனக்குக் கோபம் வரவைப்பது. அடிக்கும் முன்னால் திரையில் சதவீதம் காட்டுவார்கள். 90 என்று போட்டிருந்தால் பத்துக்கு ஒன்பது முறை படும் என்று பிள்ளை நினைக்கும். 2002இலிருந்து வந்த பல ஃபயர் எம்பளம் ஆட்டங்களில் அப்படி இல்லை. இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியை வைத்துத் தீர்மானிப்பதால், 90 என்று காட்டுவது உண்மையில் 98 சதவீதம் படும். 10 என்று காட்டுவது இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் படும். ஆடுகிறவர் மனம் நோகக் கூடாது என்று செய்திருக்கிறார்கள். நிகழ்தகவு நடத்துகிற வாத்தியார் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். வெஸ்நாத் அப்படிச் செய்வதில்லை. 70 என்றால் 70தான். மூன்று அடியும் தவறினால் அது 2.7 சதவீதம் நடக்கக்கூடியது என்று கணக்குப் போட்டுத் தேற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் கைபேசி ஆட்டங்கள். 2017இல் வந்த ஃபயர் எம்பளம் ஹீரோஸ் ஆட்டத்தில் காசு கட்டி வீரர்களைக் குலுக்கலில் எடுக்கலாம். பெல்ஜியத்தில் இந்த மாதிரிக் குலுக்கலைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்ததால், 2019இல் அந்த நாட்டில் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் போட்டது. நல்லது. சட்டத்தைப் பற்றியும், பெற்றோர் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும் விரிவாகப் பேச வேண்டும்தான். ஆனால் பேராசிரியர் ஐயா கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆகவே என் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன்.

ஆட்டம் தமிழில் வேண்டும். மெனு மட்டும் அல்ல, முழுக் கதையும். நான் சொன்ன ஜப்பானிய ஆட்டங்கள் இங்கிலீஷிலும் வருகின்றன, பிரெஞ்சிலும் வருகின்றன. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழி அவர்கள் கணக்கிலேயே இல்லை. அவர்களாக வந்து செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. வெஸ்நாத்தின் மூலநிரல், யாரும் எடுத்து மாற்றலாம் என்று திறந்து கிடக்கிறது. வசனங்கள் தனிக் கோப்புகளாக இருக்கின்றன. மேலே இங்கிலீஷ் வரி, கீழே நம் வரி. நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யலாம். பல ஆட்டங்களில் தமிழைத் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று 'கொ' மூன்று துண்டாக நிற்கும். இதில் எழுத்து ஒழுங்காகச் சேர்ந்து வரும். உசிலம்பட்டியில் பார்த்தாயிற்று.

மொழிபெயர்ப்போடு நிற்க வேண்டாம். களத்தையும் நாமே வரையலாம், அதற்கான கருவி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் தனி ஆளாக ஏழு பேரை எதிர்த்தான். சேரன், சோழன், வேளிர் ஐவர். ஒருவனுக்கு ஏழு பேர் என்பதைவிட நல்ல வியூகச் சிக்கல் உண்டா? மதுரையை வரைந்தால் யானைமலையும் நாகமலையும் மலைக் கட்டம், வைகை மணல் கட்டம். வெஸ்நாத் கணக்கில் மலையில் நிற்கும் சாதாரண வீரனுக்கு அடி தப்பும் வாய்ப்பு 60 சதவீதம், மணலில் நின்றால் 30தான். வைகை மணலில் எதிரியை இறக்கிவிட்டு மேட்டில் காத்திருக்கிற பாண்டியப் படையை நம் பிள்ளைகள் நடத்த வேண்டாமா? 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அந்த மண்ணில் இது முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

நகர்மன்ற உறுப்பினர் ஐயா, உங்களிடம் கேட்பது பெரிதில்லை. கிளை நூலகத்தில் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம், ஒரு கணினி, ஒரு மேசை. நூலகத்துறையிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசி வைத்தால் போதும். ஒரு பக்கம் பிள்ளைகள் ஆடட்டும், இன்னொரு பக்கம் பெரியவர்கள் வரி வரியாகத் தமிழாக்கட்டும். அவசரமில்லை, பதறாத காரியம் சிதறாது. முதல் சண்டைக்கான வசனங்களை இங்கிலீஷில் அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் அண்ணாச்சி மேசையில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு தாள் எடுத்துக்கொண்டு நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். ராணி பேசும் தாளை மட்டும் தலைமையாசிரியை அம்மாவுக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.