தெருச் சந்திப்பில் ஸ்டாப் சைன் கேட்டோம், டவுன்ஷிப் ஏன் மறுத்தது?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது: "எங்கள் குடியிருப்பில் இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு தெருவுக்கு மட்டும்தான் ஸ்டாப் சைன் (வண்டிகள் முழுமையாக நின்று போக வேண்டும் என்று சொல்லும் பலகை) இருக்கிறது. மற்றத் தெருவில் கார்கள் மிக வேகமாகப் போகின்றன. நான்கு பக்கமும் வைக்கச் சொல்லி அக்கம்பக்கத்தார் அனைவரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். தகுதி பெறவில்லை என்று டவுன்ஷிப் மறுத்துவிட்டது. ஒரு குழந்தை அடிபட்ட பிறகுதான் வைப்பார்களா?"

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் உள்ளூராட்சி அமைப்பான டவுன்ஷிப் கொடுத்த அந்தப் பதிலை அலட்சியம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் சாலைப் பலகைகளை எங்கே, எப்படி வைக்க வேண்டும் என்பதற்குக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிடும் ஒரு கையேடு உண்டு; எம்.யு.டி.சி.டி. என்று அதைச் சொல்வார்கள். அதன் 11ஆம் பதிப்பு 2023 டிசம்பரில் வெளியானது. ஸ்டாப் சைனை வேகத்தைக் குறைக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்தக் கையேடு நீண்ட காலமாகக் கூறிவரும் அறிவுரை. உங்கள் மனு வேகத்தைப் பற்றி மட்டுமே பேசியிருந்தால், எத்தனை பேர் கையெழுத்திட்டிருந்தாலும் டவுன்ஷிப் பொறியாளரால் அதை ஏற்க இயலாது.

இந்த அறிவுரைக்கான காரணத்தை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். குறுக்குத் தெருவில் பெரும்பாலும் யாருமே வராத ஓர் இடத்தில் ஸ்டாப் சைன் வைத்தால், அந்த வழியாகத் தினமும் போகிறவர்கள் சில வாரங்களிலேயே அதை மதிக்காமல், சக்கரம் முழுமையாக நிற்காமலேயே உருட்டிக்கொண்டு போகத் தொடங்கிவிடுவார்கள். நின்று கிளம்புகிறவர்களிலும் பலர், இழந்த நேரத்தைப் பிடிப்பதற்காக அடுத்த முனைவரை முன்பைவிட வேகமாக ஓட்டுவார்கள். பலகை இருக்கிறது, கார் நிற்கும் என்று நம்பிச் சாலையில் இறங்குவது பள்ளிக்குப் போகும் பிள்ளைதான். பலகை இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருக்கும்.

அப்படியானால் எப்போது வைப்பார்கள்? முதலில் பார்ப்பது விபத்துக் கணக்கு. நான்கு சாலைகள் கூடும் சந்திப்பில் 12 மாதங்களில் 5 விபத்துகள் அல்லது 36 மாதங்களில் 6 விபத்துகள் பதிவாகியிருக்க வேண்டும். அவையும் எல்லாப் பக்கமும் நிறுத்தியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்துகளாக இருக்க வேண்டும். இங்கே நம்மவர்கள் அடிக்கடி செய்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறிய மோதல்தானே, காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்துவிடுமே என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டு போய்விடுகிறோம். யாருக்காவது காயம் ஏற்பட்டாலோ, 500 டாலருக்கு மேல் சேதம் ஆனாலோ போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நியூ ஜெர்சிச் சட்டம். பதிவாகாத விபத்து பொறியாளரின் கணக்கில் நடக்காத விபத்துதான்.

அடுத்தது போக்குவரத்தின் அளவு. ஏதேனும் 8 மணி நேரத்துக்கு, பெரிய சாலையில் மணிக்குச் சராசரியாக 300 வண்டிகளும், சிறிய சாலையிலிருந்து பாதசாரிகளையும் சைக்கிள்களையும் சேர்த்து 200ம் வர வேண்டும். குடியிருப்புத் தெருக்கள் இந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது பார்வைத் தடை. ஸ்டாப் சைனில் நின்ற பிறகும் குறுக்கே வரும் வண்டியைப் பார்க்க முடியவில்லை, அதுவும் நின்றால்தான் சந்திப்பைக் கடக்க முடியும் என்ற நிலை இருந்தால், விபத்து நடக்கும்வரை காத்திருக்காமலேயே நான்கு பக்கமும் வைக்கக் கையேடு இடம் தருகிறது. பாதசாரிகள் மிகுதியாகக் கடக்கும் இடங்களையும் அது தனியாகக் குறிப்பிடுகிறது. ஆகவே நீங்கள் காரில் நிற்கும் இடத்திலிருந்தே, ஓட்டுநரின் கண் உயரத்தில், இரண்டு பக்கமும் புகைப்படம் எடுங்கள். வேலிச் செடி மறைக்கிறதா, நிறுத்திய வண்டிகள் மறைக்கின்றனவா என்று பாருங்கள். நியூ ஜெர்சியில் சந்திப்பில் பாதசாரிகள் சாலையைக் கடக்கும் கோட்டிலிருந்து 25 அடிக்குள்ளும், ஸ்டாப் சைனிலிருந்து 50 அடிக்குள்ளும் வண்டி நிறுத்துவதே சட்டப்படி தவறு. இதை நடைமுறைப்படுத்தக் கேட்பதற்குப் போக்குவரத்து ஆய்வு எதுவும் தேவையில்லை. இதே மாநிலத்தின் ஹோபோக்கன் நகரம் சந்திப்பு முனைகளில் வண்டி நிற்காதபடி கம்பங்களும் நடைமேடை நீட்டிப்புகளும் அமைத்தது. 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்நகரத் தெருக்களில் ஒரு போக்குவரத்து மரணம்கூட நிகழவில்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், முனைகளில் பார்வையை எதுவும் மறைக்காதபடி வைத்ததற்கு அதில் முக்கியமான பங்கு உண்டு.

சாலை யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீல நிற ஐங்கோணப் பலகையில் மஞ்சள் எண் இருந்தால் அது கவுன்ட்டி (மாவட்ட நிர்வாகம்) சாலை; டவுன்ஷிப் தனியாக முடிவெடுக்க இயலாது.

இனி உங்கள் அடுத்த மனுவில் "ஸ்டாப் சைன் வையுங்கள்" என்று கேட்காமல், "இந்தச் சந்திப்பின் பார்வைத் தொலைவையும் பாதசாரிப் போக்குவரத்தையும் ஆய்வு செய்யுங்கள்" என்று கேளுங்கள். முந்தைய மறுப்புக்கு அடிப்படையான ஆய்வு அறிக்கையை ஓப்ரா எனப்படும் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். அதில் வண்டிகளை எண்ணிய தேதியைப் பாருங்கள். ஜூலையில், பள்ளி விடுமுறையின்போது எண்ணியிருந்தால், செப்டம்பரில் பள்ளி திறந்த பிறகு காலை நேரத்தில் மீண்டும் எண்ண வேண்டும் என்று கவுன்சில் கூட்டத்தில் எழுந்து கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.